பைக் உதிரிபாகம்: பெட்டியில் உள்ள எண்ணைப் படித்து வாங்குங்கள்

வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரரால் சரியான உதிரிபாகத்தை எடுத்துத் தர முடியாது. 'ஸ்ப்ளெண்டர்' என்ற பெயர் 1994-லிருந்து இந்தியச் சாலைகளில் ஓடுகிறது. அந்த ஒரு பெயருக்குள் கார்புரேட்டர் வண்டியும் இருக்கிறது, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிக்காக ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிய வண்டியும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் இன்னொரு மாற்றம் வந்தது. 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் கம்பைண்ட் பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ இருந்தாக வேண்டும் என்றும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் கட்டாயம் என்றும் விதி வந்தது. கம்பைண்ட் பிரேக் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதனால் பழைய மாடலின் முன் பிரேக் கேபிள் புதிய மாடலுக்கு ஒத்துவராது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, நிறம் ஒன்று, கேபிள் வேறு.

ஆகவே கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது ஆர்சி புத்தகம் அல்லது அதன் படம். அதில் உள்ள சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து பெரும்பாலான வண்டிகளில் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும். L என்றால் 2020, M என்றால் 2021, N என்றால் 2022, P என்றால் 2023. எண்களோடு குழப்பம் வராமலிருக்க I, O, Q ஆகிய மூன்று எழுத்துகளும் சேஸிஸ் எண்ணில் எங்குமே வராது. வண்டி வாங்கிய தேதியைவிட இந்த எழுத்தை நம்பலாம். டிசம்பரில் தயாரான வண்டி அடுத்த ஆண்டில் விற்பனையாவது சாதாரணம்.

இதைவிடத் துல்லியமானது பார்ட் நம்பர். ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டியின் ஒவ்வொரு திருகுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஹோண்டாவின் முறையையே எடுத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்று சொல்லும். 17910 என்றால் ஆக்ஸிலேட்டர் கேபிள், 22870 என்றால் கிளட்ச் கேபிள், 44830 என்றால் ஸ்பீடோமீட்டர் கேபிள். அடுத்து வரும் மூன்று எழுத்துகள் எந்த மாடலுக்காக அது முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். கடைசிப் பகுதி நிறம், திருத்தம் போன்ற வேறுபாடுகளுக்கானது. நடுவில் உள்ள மாடல் குறியீடு தன் வண்டியுடையதாக இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். ஒரு மாடலுக்குச் செய்த பாகத்தையே பல மாடல்களில் போடுவது நிறுவனங்களின் வழக்கம். நிறுவனத்தின் பட்டியலில் தன் வண்டிக்கு நேரே அந்த எண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். எண் தெரிந்துவிட்டால் பிறகு எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அடுத்தது, அந்தப் பாகத்தைச் செய்தது யார் என்பது. வண்டி நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. செயின், பிரேக் லைனிங், பிஸ்டன், டயர் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றில் பல தமிழ்நாட்டில் உள்ளவை. கோவையின் எல்.ஜி.பி. நிறுவனம் ரோலான் என்ற பெயரில் செயின் விற்கிறது. மதுரையின் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் செய்கிறது. எம்.ஆர்.எஃப்., இந்தியா பிஸ்டன்ஸ், பிரேக் லைனிங் செய்யும் ரானே குழுமம் எல்லாம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் பாகம் வண்டி நிறுவனத்தின் பெட்டியில் ஏறினால் 'கம்பெனி ஸ்பேர்'. அந்த நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்றால் அது வேறு பெட்டி, பெரும்பாலும் விலையும் குறைவு. தரத்தில் இரண்டும் நெருக்கமானவை. ஆனால் சொந்தப் பெயரில் வரும் பாகம் எப்போதும் அச்சு அசல் அதேதான் என்று கொள்ள முடியாது, வண்டி நிறுவனம் கேட்ட ரப்பர் கலவையோ லைனிங் கலவையோ அதில் மாறியிருக்கலாம். இவற்றுக்குக் கீழே, எந்த வண்டி நிறுவனத்துக்கும் பாகம் கொடுக்காமல் சந்தைக்காக மட்டுமே செய்பவர்களின் பொருள் வருகிறது. கடைத்தெருவில் இதை 'லோக்கல்' என்பார்கள். லோக்கல் எல்லாம் மோசம் என்பது தவறு. மட்கார்டு, சைடு ஸ்டாண்டு, கண்ணாடி, கைப்பிடி ரப்பர் போன்றவற்றில் லோக்கல் பொருள் பல ஆண்டுகள் உழைக்கும். தன் பெயரைத் துணிந்து பெட்டியில் போட்டுக்கொள்ளும் சிறு தயாரிப்பாளரை மதிக்கத்தான் வேண்டும்.

மதிக்கக்கூடாதது டூப்ளிகேட். இன்னொருவரின் பெயரையும் பெட்டியையும் திருடி விற்கும் சரக்கு அது. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விற்பனை விலை, புகார் தெரிவிக்கத் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதி. இவற்றில் ஒன்று குறைந்தாலே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பார்ட் நம்பர் பெட்டியின் லேபிளில் ஒன்றாகவும் உள்ளே பாகத்தின் மேல் வேறாகவும் இருப்பது, எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, விலை ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர், உலோகத்தின் ஓரத்தில் தேய்க்கப்படாத பிசிறு ஆகியவையும் எச்சரிக்கைகள். ஹாலோகிராமை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது, அதையும் அச்சடிக்கிறார்கள். பில் கேட்டால் கடைக்காரர் தயங்குவதும், கம்பெனி பெட்டிக்குப் பாதி விலை சொல்வதும் இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளங்கள்.

எந்தப் பாகத்தில் எவ்வளவு சிக்கனம் பார்க்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல், அந்தப் பாகம் ஓடும்போது உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான். இண்டிகேட்டர் உடைந்தால் கையைக் காட்டி வீடு வந்து சேரலாம். பிரேக் ஷூவின் லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

பிரேக் ஷூவில் மலிவுச் சரக்கின் குறையே இந்த ஒட்டு வேலைதான். அலுமினிய வளைவின் மேல் லைனிங்கைப் பசையால் ஒட்டி, சூட்டில் இறுக்குகிறார்கள். ஒட்டு சரியில்லாத ஷூவில் விளிம்பை நகத்தால் நெருடினால் இடைவெளி தெரியும். லைனிங்கின் கலவை மிகக் கடினமாக இருந்தால் ஷூ நெடுநாள் வரும், ஆனால் டிரம்மைத் தின்றுவிடும். டிரம் சக்கரத்தின் ஹப்போடு சேர்ந்தது, அது தேய்ந்தால் செலவு பல மடங்கு. 110 மி.மீ., 130 மி.மீ. என்று டிரம்மின் விட்டம் மாடலுக்கு மாடல் மாறும், ஒரே வண்டியில் முன்னும் பின்னும் வேறாக இருப்பதும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது, மாட்டும் மெக்கானிக்கின் நுரையீரலுக்காக. பழைய டிரம்மைத் திறந்ததும் உள்ளே சேர்ந்த தூளை வாயால் ஊதும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. ஈரத்துணியால் துடைப்பதே சரி. டிஸ்க் பிரேக்கில் பேடு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலை டப்பா மூடியில் உள்ளபடி, டாட் 3 என்றால் டாட் 3, டாட் 4 என்றால் டாட் 4 என்று ஊற்ற வேண்டும்.

அடிக்கடி மாற்ற நேரும் பாகங்களில் அதிகம் ஏமாற்றம் தருவது செயின் கிட். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்ததே கிட். செயினின் எண் ஒரு சுருக்கெழுத்து. 428 என்பதில் முதல் இலக்கம் 4. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு, அதாவது 12.7 மி.மீ. 520 என்றால் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிப்பவை. 420, 428 இரண்டுக்கும் பின் தூரம் ஒன்றே என்பதால் 428 செயின் 420-க்கான பல்லின் மேல் உட்கார்ந்துவிடும், சுற்றிப் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் அகலம் கூடுதலாக இருப்பதால் பக்கவாட்டில் ஆடி, பல்லை ஒருபக்கமாக அரித்துவிடும். எண்ணுக்குப் பின்னால் H என்று இருந்தால் பட்டைகள் தடிமனானவை. அதன் பிறகு வரும் எண் மொத்தக் கண்ணிகள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறியப் பின் பல்சக்கரத்தின் நடுப்பகுதியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் போதும். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. பல்லின் முனை கொக்கிபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அதே தீர்ப்பு. செயின் கவர் முழுவதும் மூடிய வண்டிகளில் இதை யாரும் பார்ப்பதே இல்லை, சத்தம் வந்த பிறகுதான் கவரைக் கழற்றுகிறார்கள். செயினை மட்டும் மாற்றிப் பழைய பல்சக்கரத்தை விட்டுவைப்பது வீண் சிக்கனம். நீண்ட பழைய செயினுக்கு ஏற்பத் தேய்ந்த பல், புதுச் செயினையும் அதே அளவுக்கு விரைவில் இழுத்துவிடும்.

பல்லின் எண்ணிக்கையில் விளையாடுவது இன்னொரு சபலம். முன்னால் 14, பின்னால் 42 பல் உள்ள வண்டியில் முன் பல்சக்கரத்தை 13 ஆக்கினால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாகச் சுற்றும், அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். மலைப்பாதையில் தினமும் சுமை ஏற்றும் வண்டிக்கு இது பொருந்தலாம், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. கிளிப் போட்டு இணைக்கும் செயினாக இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று மாட்டி முடித்ததும் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுகொள்ளும்.

சக்கர பேரிங்கில் நிலைமை தலைகீழ். இங்கே கம்பெனி பெட்டிக்குக் கூடுதல் பணம் தர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பேரிங்கின் அளவுகள் உலகம் முழுவதும் ஒன்றே, எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11. 6301 என்றால் 12, 37, 12. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்துக்கானவை: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் ZZ என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி, 2RS என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். மழையிலும் சேற்றிலும் ஓடும் சக்கரத்துக்கு ரப்பர் சீல் நல்லது. C3 என்ற குறி உள்ளே சற்றுக் கூடுதல் தளர்வு விட்டிருப்பதைக் காட்டுகிறது. பழைய பேரிங்கில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். பெயர் பெற்ற பேரிங் நிறுவனத்தின் பொருளை, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கினால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆயில் சீலும் இப்படித்தான். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதன் முகத்திலேயே இருக்கும்.

ஸ்பார்க் பிளக்கின் குறியீடு நீளமானது. என்ஜிகே நிறுவனத்தின் CPR8EA-9 என்ற பிளக்கில், C என்பது மரையின் விட்டம் 10 மி.மீ. என்பதைச் சொல்கிறது. D ஆக இருந்தால் 12, B ஆக இருந்தால் 14. R என்பது ரெசிஸ்டர் உள்ள பிளக். E என்பது மரையின் நீளம் 19 மி.மீ., H ஆக இருந்தால் 12.7. கடைசியில் உள்ள 9, முனைகளின் இடைவெளி 0.9 மி.மீ. என்பதற்கு. மரை நீளம் கூடினால் பிளக் எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டில் வெறுமையாக நிற்கும் மரையில் கரி படிந்து, பிறகு சரியான பிளக்கே ஏறாது. நடுவில் உள்ள 8 வெப்ப அளவு. என்ஜிகே முறையில் எண் ஏற ஏறப் பிளக் சூட்டை விரைவாக வெளியேற்றும். பாஷ் நிறுவனத்தின் முறை இதற்கு நேர் எதிர், அங்கே எண் ஏற ஏறப் பிளக் சூட்டைத் தக்கவைக்கும். ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்து இன்னொன்றை வாங்கினால் தவறு நேர்வது இங்கேதான். சூடு போகாத பிளக்கால் எஞ்சின் தட்டும், சூடே தங்காத பிளக்கில் கரி பிடித்து ஸ்டார்ட்டிங் தொல்லை வரும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ளதைப் படிக்க 80/100-18 M/C 47P என்ற அளவு நல்ல உதாரணம். அகலம் 80 மி.மீ., உயரம் அகலத்தின் 100 சதவீதம், ரிம் 18 அங்குலம். 47 என்பது அந்த டயர் தாங்கும் 175 கிலோ எடையையும், P என்பது மணிக்கு 150 கி.மீ. என்ற வேக வரம்பையும் குறிக்கும். இதே 80/100-18 அளவில் 54P என்றும் டயர் உண்டு, அது 212 கிலோ தாங்கும். முன்சக்கரத்துக்குப் போதுமான 47P-ஐ, அளவு ஒன்றுதானே என்று பின்சக்கரத்தில் போட்டு, மனைவி குழந்தையோடு ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றினால் டயர் அதன் வரம்பைத் தாண்டிவிடும். நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஓடாமலே கடையில் பல ஆண்டு கிடந்த டயரும் இறுகிப் போகும். ஐஎஸ்ஐ முத்திரையையும், சுழலும் திசை காட்டும் அம்புக்குறியையும் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்போக் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே டியூப் இருந்தே ஆக வேண்டும், ஸ்போக் துளைகளின் வழியே காற்று போய்விடும்.

மின்சாரப் பாகங்களில் உருவத்தைப் பார்த்து ஏமாறுவதே பொதுவான தவறு. 35/35 வாட் எச்எஸ்1 பல்பும் 60/55 வாட் எச்4 பல்பும் கிட்டத்தட்ட ஒரே உருவம். சிறு வண்டியில் எச்4 போட்டால் வெளிச்சம் கூடுவது உண்மை, கூடவே ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், ஸ்விட்ச் காய்ந்து போகும், பேட்டரியும் இறங்கும். சிடிஐ யூனிட்டில் சாக்கெட் பொருந்தினாலும் ஏசி வகைக்கும் டிசி வகைக்கும் வேலை வேறு. பிஎஸ்-6 வண்டியின் ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர், இசியு ஆகியவற்றில் பரிசோதனை செய்து பார்க்கவே கூடாது, பார்ட் நம்பர்படி கம்பெனி பொருளே சரி.

எஞ்சினைத் திறக்கும் நிலை வந்தால் பிஸ்டனைக் கடையில் தேர்ந்தெடுப்பதற்கு முன் லேத் பட்டறையில் சிலிண்டரை அளக்க வேண்டும். தேய்மானத்துக்கு ஏற்ப 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் அளவுகளில் பிஸ்டன் வருகிறது. எந்தெந்த அளவு கிடைக்கும் என்பது மாடலைப் பொறுத்தது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ப போர் போடுவதே முறை. உட்சுவரில் தனிப் பூச்சு உள்ள சிலிண்டருக்கு போர் போட முடியாது, செட்டாகவே மாற்ற வேண்டும். கிளட்ச் பிளேட்டை மாற்றும்போது எஞ்சின் ஆயிலையும் கவனிக்க வேண்டும். பைக்கின் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இயங்குவதால் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் குறித்த ஆயில்தான் பொருந்தும். உராய்வைக் குறைப்பதற்காகச் செய்த கார் ஆயிலை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும், ஸ்கூட்டருக்கான எம்பி வகையும் கியர் வண்டிக்கு ஆகாது.

பழைய பாகம் வாங்குவதில் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சென்னைப் புதுப்பேட்டை. தயாரிப்பு நின்றுபோன வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருக்கள் பெரிய உதவி. பெட்ரோல் டேங்க், சைடு கவர், ஹெட்லைட் டூம், வளையாத ரிம் போன்றவற்றைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். பிரேக், டயர், செயின், ஃபோர்க், ஹேண்டில்பார் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. விபத்தில் விழுந்த வண்டியிலிருந்து வந்த ஃபோர்க் குழாயின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. பழைய எஞ்சின் வாங்கி மாற்றுவது வேறு விவகாரம். எஞ்சின் எண் ஆர்சியில் பதிவானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி இந்த மாற்றத்துக்கு ஆர்டிஓ அலுவலக அனுமதி வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பில் இல்லாவிட்டால், திருட்டு வண்டியின் எஞ்சினை வைத்திருக்கும் நிலை வந்துவிடும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பழைய பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போன்ற எளிய சோதனை வேறில்லை. கேபிள் என்றால் வெளி உறையின் நீளமும் இரு முனைகளில் உள்ள உள்கம்பியின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். பல்சக்கரம் என்றால் பல்லை எண்ண வேண்டும், போல்ட் துளைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கே வாங்கி மாட்டினாலும் காலிப் பெட்டியையும் கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை, நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார். பில்லில் பார்ட் நம்பரும், ஓரத்தில் அன்றைய கிலோமீட்டரும் எழுதி வைத்தால் அடுத்த முறை அந்தப் பாகம் எவ்வளவு உழைத்தது என்று தெரியும். மாட்டிய பாகம் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியானதும் பெட்டியை அப்படியே குப்பையில் போடாமல், லேபிளைக் கிழித்துப் பெட்டியை நசுக்கிவிட வேண்டும். டூப்ளிகேட் செய்பவர்களுக்கு அச்சு அசலான காலிப் பெட்டி அச்சடிப்பதைவிட மலிவு.